வில்லும் வண்டியும்

இரும்புப் பட்டைகளை அடுக்கி அடியில் பொருத்திய மாட்டு வண்டியை நம் முன்னோர் 'வில்வண்டி' என்றனர். வளைந்து கொடுத்துப் பின் தன் நிலைக்கு மீள்வது வில்லின் இயல்பு. காரில் சக்கரத்தருகே உள்ள சுருள்வில்லும் இத்தொழிலையே செய்கிறது. பட்டறைகளில் இதனை 'ஸ்பிரிங்' என்பர்.

1985ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகா வெளிவந்த பின்னர், தோட்டத்துக் குடும்பங்களிலும் கார் பெருகியது. அதனோடு, வில்லை மாற்றிக் காரைத் தாழ்த்தும் விருப்பமும் இளைஞரிடையே பரவியது. இதனை வெறும் பகட்டு என்று ஒதுக்குதல் தகாது; இதில் பயனும் உண்டு, இடரும் உண்டு.

முதலில் பயனைக் காண்போம். திருப்பத்தில் வண்டியின் சுமை வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறுகிறது. ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் அம்மாற்றம் குறையும். மையம் 50 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 3 செ.மீ. தாழ்த்தினால் நூற்றுக்கு 6 பங்கு குறையும். புக்கிட் புத்துஸ் பழைய மலைச்சாலையின் வளைவுகளில் இது நன்மையே. ஆயினும் சிறு நன்மைதான்.

இனி, இடரைக் காண்போம். வில் அமுங்கும் அளவு அதன்மேல் ஏறும் சுமைக்கு ஏற்ப வளரும் என்னும் விதியை இராபர்ட் ஹூக் 1678இல் விளக்கினார். ஒரு சக்கரத்தின் வில், 2 கிலோ சுமைக்கு 1 மி.மீ. அமுங்குவதாகவும், மேலும் அமுங்க 75 மி.மீ. இடம் இருப்பதாகவும் கொள்க. 150 கிலோ அதிகச் சுமை வரும்வரை அது அடிமுட்டாது. 30 மி.மீ. தாழ்த்தினால் எஞ்சும் இடம் 45 மி.மீ. மட்டுமே. வலிமை மாறாவிடில் 90 கிலோவிலேயே முட்டிவிடும். வலிமையை 3 கிலோவாக உயர்த்தினால் 135 கிலோ வரை தாங்கும். ஆகவே தாழ்த்தும் வில் குட்டையாக இருந்தால் மட்டும் போதாது. வலிதாகவும் இருத்தல் வேண்டும்.

பணத்தை மிச்சப்படுத்தப் பழைய வில்லையே அறுப்போர் உளர். ஆறு சுற்றில் ஒன்றை அறுத்தால் வலிமை 2 கிலோவிலிருந்து 2.4 கிலோவாகவே உயரும். தேவைக்கு அது போதாது. அறுத்த முனை இருக்கையில் சரியாகப் பொருந்தாது. சக்கரம் முழுதும் கீழிறங்கும்போது வில் தளர்ந்து விலகவும் கூடும். நெருப்பில் காய்ச்சித் தாழ்த்துவது இன்னும் கொடிது. எஃகின் பதமே கெட்டுவிடும்.

வில்லை மாற்றினால் அதிர்வு தாங்கியையும் நோக்க வேண்டும். வலிய வில் மீளும் வேகத்தை அடக்க அதற்கேற்ற தாங்கி தேவை. இல்லையேல் வண்டி துள்ளும்; சக்கரம் சாலையை விட்டு எழும். சக்கரங்களின் சாய்வையும் முன்விளக்கின் நோக்கையும் மீண்டும் சரிசெய்தல் வேண்டும். மாற்றத்திற்கு முன் சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிகளைக் கேட்டறிதலும் கடமை.

நம் தோட்டத்துச் செம்மண் சாலைகளில் மழைநீர் அரித்த பள்ளங்கள் பல. அங்கே 30 மி.மீ. என்பது சிறிய அளவன்று. நெடுஞ்சாலைக்கு ஏற்ற உயரம் செம்பனைக் காட்டுப் பாதைக்கு ஏற்றதாகாது. எந்தச் சாலையில் மிகுதியும் ஓட்டுகிறோம் என்பதே முதற்கேள்வி.

காரை விரும்பும் மாணவனுக்கு ஹூக்கின் விதியைக் கரும்பலகையில் மட்டும் காட்டினால் அவன் மறந்துவிடுவான். இக்கணக்கைப் போட்டுக் காட்டுக. அறுத்த வில்லை அவன் ஒருநாளும் நம்பமாட்டான்.