குடவோலையும் ஏதென்சுச் சீட்டும்: ‘மக்களாட்சி’ என்னும் கலைச்சொல்லின் பொருள் எல்லை

முன்னுரை

ஐரோப்பிய வரலாற்றுக் கலைச்சொற்களைத் தமிழில் ஆளும்போது சொல்லுக்குச் சொல் நிகர் காண்பது போதாது. அச்சொல் சுட்டும் நடைமுறையும் பொருந்துதல் வேண்டும். திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடம் அமைந்துள்ள காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இதற்குத் தக்க சான்று உண்டு. அம்மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறை ‘தேர்தல்’ என வழங்கப்பெறுவதோடு, கிரேக்க மக்களாட்சியோடும் ஒப்பிடப்பெறுகிறது. இவ்வொப்புமை எந்த அளவில் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஏதென்சு

‘டெமோசு’ மக்களையும் ‘கிராட்டோசு’ ஆற்றலையும் குறிக்கும். இவ்விரண்டும் இணைந்ததே ‘டெமோக்ராட்டியா’. கி.மு. 508/507இல் கிளெய்சுதனீசு வகுத்த அமைப்பில், குலப்பிரிவுகள் பத்தும் தலா 50 உறுப்பினரை 500 பேர் அவைக்கு அளித்தன. பிற்காலத்தில் இவ்வுறுப்பினர் சீட்டுவழித் தெரிவாயினர். படைத்தலைவர் பதின்மர் வாக்கினால் அமர்த்தப்பெற்றனர். சீட்டு மக்களாட்சிக்கும், தேர்தல் சிலராட்சிக்கும் உரியன என்பது அரிசுடாட்டில் கருத்து. எனினும் பெண்டிர், அடிமைகள், அயலார் ஆகியோர்க்கு இவ்வாட்சியில் பங்கில்லை.

உத்திரமேரூர்

முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இம்முறையை விளக்குகின்றன. 30 குடும்புகளிலும் தகுதியுடையார் பெயர்கள் ஓலையில் எழுதப்பெற்றுக் குடத்தில் இடப்பெறும். விவரம் அறியாச் சிறுவன் ஒருவன் அவற்றை எடுப்பான். இரண்டாம் கல்வெட்டின்படி 35 முதல் 70 வரையிலான அகவை, கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, வேதப்பயிற்சி ஆகியன தகுதிகள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். இது பிரமதேய ஊரின் சபை. எனவே ஊரார் அனைவரும் இதில் அடங்கார்.

புளோரன்சு

மறுமலர்ச்சியின் தாயகமாகிய புளோரன்சுக் குடியரசிலும், 1328 முதல், தகுதி உறுதிசெய்யப்பெற்றோரின் பெயர்ச்சீட்டுகள் பைகளிலிருந்து எடுக்கப்பெற்றன. ஆட்சிக்குழுவினர் இரு திங்களே பதவி வகித்தனர். தொழிற்குழு உறுப்பினராய் இருத்தல் அங்குத் தகுதியாயிற்று.

முடிவுரை

இம்மூன்றனுக்கும் பொதுவானது சீட்டு. தகுதியுடையார் யாவர் என்பதிலேயே அவை வேறுபடுகின்றன. ஆதலின் குடவோலையை ‘தேர்தல்’ என்பதும், அதனைக் கொண்டு உத்திரமேரூரை ‘மக்களாட்சி’ என்பதும் பொருந்தா. வாக்குவழித் தெரிவைத் ‘தேர்தல்’ எனவும், சீட்டுவழித் தெரிவைக் ‘குடவோலை’ எனவும் வேறுபடுத்தி ஆள்வதே தகும். ஐரோப்பிய நடைமுறை ஒன்றற்குத் தமிழ்க் கல்வெட்டே சொல் தந்திருக்க, அதனைத் ‘தேர்தலுள்’ அடக்குவது இரு வரலாறுகளையும் மயங்கவைக்கும்.