அளவறிந்த ஊர்தி

மோட்டார் வண்டிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வேகத்தையே முதலிற் பேசுவர். எத்தனை பரிவலு, மணிக்கு எத்தனை மைல், மேட்டில் எவ்வளவு விரைவாக ஏறும் என்பனவே அவர்களுடைய வினாக்கள். மாதச் சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய வினாக்களோ வேறு. வீட்டார் அனைவரும், அவர்களுடைய மூட்டை முடிச்சுக்களும் ஒருங்கே ஏற இடமுண்டா? பெற்றோற் செலவு கைக்கு அடங்குமா? பழுதுபட்டால் அண்மையிலுள்ள கராஜிலேயே திருத்த முடியுமா? பத்தாண்டு கழித்தும் அது ஓடுமா? இவ்வினாக்களுக்கு விடையாக, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் ஒரு சிறு வண்டி உருவாயிற்று. மொறிஸ் மைனர் டிறவலர் என்பது அதன் பெயர்.

ஆங்கிலேயர் இவ்வகை வண்டியை ‘எஸ்டேற் கார்’ என்பர். எஸ்டேற் என்றதும் தேயிலைத் தோட்டமே நம் நேயர்களின் நினைவுக்கு வரும். இங்கே அச்சொல் குறிப்பது இங்கிலாந்தின் நாட்டுப்புறத்துப் பெருநிலக்கிழார்களின் பண்ணைகளை. புகையிரத நிலையத்திலிருந்து விருந்தினரையும் அவர்களுடைய பெட்டிகளையும் மாளிகைக்கு ஏற்றிவரவும், வேட்டைக்குச் செல்வோரை நாயும் துவக்குமாகக் கொண்டு செல்லவும் அவர்கள் தனி வண்டிகளை வைத்திருந்தனர். பெரிய மோட்டார் வண்டியொன்றின் அடிச்சட்டத்தின் மேல், கைதேர்ந்த தச்சர் மரத்தாற் கூண்டு அமைத்துக் கொடுப்பர். அவை செல்வர் வீட்டு ஊர்திகள். ஆளையும் சுமையையும் ஒரே கூரையின் கீழ் ஏற்றும் இந்த வசதியைச் சாதாரண மனிதனின் வாயிலுக்குக் கொண்டுவந்த வண்டிகளுள் டிறவலர் குறிப்பிடத்தக்கது.

அதன் தாய் வண்டியான மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏள்ஸ் கோட் மோட்டார்க் காட்சியில் முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டது. அதை ஆக்கியவர் ஸ்மேர்ணா நகரிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த அலெக் இசிகோனிஸ். நிறுவனத்தின் அதிபரான நஃபீல்ட் பிரபுவுக்கு வண்டியின் உருண்ட வடிவம் பிடிக்கவில்லை. ஓட்டை உடைத்து வெந்நீரில் இட்டு வேகவைத்த முட்டை போல இருக்கிறதென்று அவர் எள்ளியதாகக் கூறுவர். இசிகோனிசுக்கும் ஒரு குறை தோன்றியது. வண்டி ஒடுங்கியதாக இருக்கிறதென எண்ணிய அவர், மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் செய்து, பாதிகளை விலக்கி விலக்கிப் பார்த்து, கண்ணுக்கு இசைந்த நிலையில் நிறுத்தினார். இவ்வாறு வண்டி 4 அங்குலம் அகன்றது. முன்னரே செய்து வைத்திருந்த பம்பர்களை வீசிவிட மனமில்லாமல், அவற்றையும் நடுவில் வெட்டி, 4 அங்குலத் துண்டொன்றை இடையில் வைத்துப் பொருத்தினர். சிக்கனம் அந்த வண்டிக்குப் பிறவியிலேயே அமைந்த குணம் எனலாம்.

டிறவலர் 1953இல் வெளிவந்தது. முன்பாதி சலூன் வண்டியினுடையதே. உருக்குத் தகட்டால் ஆனது. ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால் வண்டி மாறுகிறது. அங்கே ஆஷ் என்னும் மரத்தாற் செய்த சட்டங்கள் எழுந்து நிற்கும். அவற்றினிடையே அலுமினியத் தகடுகள் பொருந்தியிருக்கும். பின்புறத்தில் வீட்டுக் கதவைப் போல இருபக்கமும் திறக்கும் இரட்டைக் கதவு. பின்னிருக்கையை மடித்துவிட்டால் சமதளமான தட்டொன்று கிடைக்கும். வாரநாளில் வியாபாரியின் சாமான்களை ஏற்றும் வண்டியே ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போகும்.

உருக்கு வந்துவிட்ட காலத்தில் மரம் எதற்கு? காரணம் எளியது. உருக்குத் தகட்டை அழுத்தி வளைக்கப் பேரச்சுக்கள் வேண்டும். அவற்றுக்கு ஆகும் பெருஞ்செலவு, பல்லாயிரக்கணக்கான வண்டிகள் விற்றாலன்றி மீளாது. மரச்சட்டமோ பழகிய தச்சரின் கையால் முடிவது. ஆஷ் மரம் நீண்ட நாரோட்டம் உடையது. அதிர்ச்சியைத் தாங்கி, ஒடியாமல் வளைந்து கொடுக்கும். இதனாலேயே மேனாட்டார் கோடரிப் பிடிக்கும் ஹொக்கி மட்டைக்கும் அதை விரும்பினர். டிறவலரின் மரம் வெறும் அலங்காரம் அன்று. கூரையையும் கண்ணாடியையும் கதவையும் தாங்கி நிற்பது அதுவே. 1960இல் வந்த மினி டிறவலரிலும் மரச்சட்டம் உண்டு. அது அழகுக்காக மேலே ஒட்டப்பட்டது. இரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடு தூணுக்கும் சுவரில் எழுதிய தூணின் சித்திரத்துக்கும் உள்ள வேறுபாடாகும்.

இனி அதன் வலுவைப் பார்ப்போம். முதல் டிறவலரின் இயந்திரம் 803 கன சதமமீற்றர் அளவுடையது; தந்த வலு 30 பரிவலு மட்டுமே. மணிக்கு 60 மைல் வேகத்தைச் சற்றே கடக்கும்; அதற்கும் பொறுமை வேண்டும். ஆட்களும் சுமையும் நிறைந்தால், ஏற்றத்தில் கியரைக் குறைத்து மெல்லத்தான் ஏறவேண்டும். 1956இல் 948 கன சதமமீற்றர், 37 பரிவலு இயந்திரமும், 1962இல் 1098 கன சதமமீற்றர், 48 பரிவலு இயந்திரமும் பொருத்தப்பட்டன. அப்போதும் 70 மைலைச் சிறிது தாண்டுவதே அதன் எல்லை.

இதைக் குறையென்று கொள்வதற்கு முன் ஓர் இயற்கை விதியை எண்ணவேண்டும். ஓடும் வண்டியை எதிர்த்து நிற்பது காற்று. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அவ்வெதிர்ப்பை வெல்வதற்கு வேண்டிய வலு எட்டு மடங்காகும். ஆகவே கடைசியாகக் கூட்டிக்கொள்ளும் சில மைல் வேகமே மிகப் பெரிய விலையைக் கேட்கிறது. பெரிய இயந்திரம் வேண்டும். அதைத் தாங்க வலிய சட்டம் வேண்டும். நிறுத்த வலிய பிறேக் வேண்டும். இவற்றையெல்லாம் சுமக்க இன்னும் பெற்றோல் வேண்டும். அந்தக் கடைசி வேகத்தை வேண்டாமென்று விட்டவன் இத்தனை செலவையும் ஒருங்கே விட்டவனாகிறான். நிதானமாக ஓட்டுவோருக்கு மைனர் வண்டி ஒரு கலனுக்கு 35 மைலளவு ஓடிற்று. பிரித்தானியாவில் போர்க்காலப் பெற்றோற் பங்கீடு 1950 வரை நீடித்தது. சூயஸ் நெருக்கடியால் 1956 டிசெம்பரில் அது மீண்டும் வந்து, சில மாதங்கள் இருந்தது. அத்தகைய நாட்களில் ஒவ்வொரு கலனும் எண்ணிச் செலவிடப்பட்டது.

வலு குறைவாயினும் வண்டி நன்றாக நடந்தது. அக்காலத்து வழக்கத்தினும் சிறிய, 14 அங்குலச் சில்லுகளை இசிகோனிஸ் தெரிந்தெடுத்தார். முன்சில்லுகளுக்கு முறுக்குக் கோல்களை வில்லாக அமைத்தார். திருப்பும் பொறியை, கைப்பிடியின் சிறு அசைவுக்கும் உடனே இணங்குமாறு செய்தார். எனவே வளைவுகளில் வேகத்தை இழக்காமல் செல்ல அதனால் முடிந்தது. நாட்டுப்புறத்து ஒடுங்கிய தெருக்களில் ஓடிய மருத்துவத் தாதியருக்கும், கால்நடை வைத்தியருக்கும், குருமாருக்கும், சிறு வியாபாரிகளுக்கும் அதுவே போதுமானதாயிற்று. குறையையும் மறைத்தலாகாது. 1959 முதல் நெடுந்தூர மோட்டார்ச் சாலைகள் திறக்கப்பட்டபோது, மணிக்கணக்காக உச்ச வேகத்தில் ஓடுவது இவ்வண்டிக்கு இயல்பாக இருக்கவில்லை. நான்கு சில்லுகளிலும் உள்ள டிறம் பிறேக்குகள் இக்கால வண்டிகளுடையவற்றுக்கு ஈடாகா. மோதலில் ஆட்களைக் காக்கும் இக்கால அமைப்புக்களும் அதில் இல்லை.

வேறொரு கடமையையும் டிறவலர் தன் உரிமையாளனிடம் கேட்டது. ஆஷ் மரம் வலியது. ஆயினும் ஈரத்துக்கு அஞ்சுவது. பக்கக் கண்ணாடிகள் நகரும் காடிகளில் மழைநீர் தங்கும். நீர் வடியும் துளைகள் அடைபட்டால் அங்கே பாசி முளைப்பதும் உண்டு. பொன்னிறமான மரம் முதலிற் கறுக்கும். பிறகு உள்ளிருந்து உளுக்கும். துளைகளைத் துப்புரவாக்கி, கறுத்த இடத்தைச் சுரண்டி, காலந்தவறாமல் வார்னிஷ் பூசிவந்தவனுடைய வண்டி நெடுங்காலம் நின்றது. ‘பிறகு பார்ப்போம்’ என்றிருந்தவனுடைய வண்டியோ, இயந்திரம் நன்றாக இருக்கவே, கூண்டினால் வீழ்ந்தது. பிரித்தானியாவின் ஆண்டுப் பரிசோதனையில், மரம் உக்கிய டிறவலர் தெருவில் ஓடும் தகுதியை இழந்தது. துருப்பிடித்த அடிச்சட்டத்துக்கு ஒப்பாகவே அது கருதப்பட்டது. மலிவான பொருள் என்பது கவனிப்பு வேண்டாத பொருள் அன்று. காசைக் குறைத்துக் கேட்கும் பொருள் கவனத்தைக் கூட்டிக் கேட்கிறது.

பிரித்தானிய வண்டிகளுள் முதன்முதலாகப் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டியது மைனரே. மொத்தம் ஏறத்தாழ 16 இலட்சம் மைனர்கள் செய்யப்பட்டன. அவற்றுள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டவை டிறவலர்கள். சலூன் வண்டி 1970இலும், டிறவலர் 1971இலும் நிறுத்தப்பட்டன.

அதன் கதை அங்கே முடியவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சாள்ஸ் வெயார் 1982இல் நூலொன்றை வெளியிட்டு, ஒரு புதிய கணக்கை மக்கள் முன் வைத்தார். வண்டிச் செலவு என்றதும் பெற்றோலையும் திருத்த வேலையையும் மட்டுமே பலர் எண்ணுவர். புது வண்டி வாங்கிய நாள்முதல் அதன் மதிப்பு விழுந்துகொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தோன்றாத அச்செலவே பெரும்பாலும் பெரிய செலவு. எளிய அமைப்புடைய பழைய வண்டியொன்றை ஆண்டுதோறும் பகுதி பகுதியாகப் புதுப்பித்து வந்தால், அவ்விழப்பு இல்லை. பணம் தொழிலாளியின் கைத்திறனுக்குச் செல்லும் என்பது அவருடைய வாதம்.

அந்த உண்மையை இலங்கை வேறு வழியாக முன்னரே கற்றிருந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியினால் 1960களின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இருந்த வண்டிகளைக் காப்பாற்றுவதே வழியாயிற்று. இந்நாட்டு மெக்கானிக்குகள் தேய்ந்ததைத் தேற்றி, கிடையாததைச் செய்து, மைனர்களை ஓடவைத்தனர். வெயார் இதைக் கண்டறிந்தார். 1990களில் இலங்கையரோடு கூட்டாகத் தொழிலொன்றைத் தொடங்கி, மைனருக்கு வேண்டிய பாகங்களை இங்கே செய்வித்துப் பிரித்தானியாவுக்கு எடுத்துச் சென்றார். வண்டி பிறந்த நாட்டுக்கு, வண்டியைப் பேணிய நாடு உதிரிப்பாகம் கொடுத்தது.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பது நம் முன்னோர் மொழி. அதை ஏழைக்குச் சொன்ன ஆறுதலாகச் சிலர் கொள்வர். அது நல்ல தொழில்வினைஞனுக்குச் சொன்ன இலக்கணமும் ஆகும். எவ்வளவு வேண்டும் என்பதை முதலில் அறிந்து, அவ்வளவையும் குறைவின்றிச் செய்து, அதற்கு மேற்பட்டதை விட்டுவிடுவது எளிதான காரியம் அன்று. மொறிஸ் மைனர் டிறவலரை ஆக்கியோர் அதைச் செய்தனர். மரத்துக்கு வார்னிஷ் பூச மறவாத உரிமையாளர் எஞ்சியதைச் செய்தனர்.