கல்லுக்கு அடியில் இருப்பது

பவளத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒருநாள் அதிலிருக்கும் கல்லை வெளியே எடுக்க வேண்டிவரும். ஐப்டேசியா என்ற கண்ணாடி அனிமோன் கல்லெங்கும் பரவிப் பவளங்களைக் கொட்டிக் கருக்கும். பொந்துக்குள் குடியேறிய மாண்டிஸ் இறால் மீன்களை அடித்துத் தின்னும். அல்லது வீடே மாற வேண்டியிருக்கும். அப்போது பலரும் சொல்லும் எச்சரிக்கை ஒன்றுதான்: கல்லோடு நல்ல பாக்டீரியாவும் போய்விடும், அம்மோனியா ஏறிவிடும். இது உண்மை, ஆனால் பாதி உண்மை. கல் வெளியே போவதால் வரும் கேட்டைவிட, அதைத் தூக்கும் விதத்தால் நீரில் கலந்துவிடும் கேடே பெரும்பாலும் பெரிது என்பது என் முடிவு.

கடைகளில் லைவ் ராக் என்று விற்கப்படுவது பெரும்பாலும் இறந்த பவளத்தின் சுண்ணாம்புக் கூடு. அதன் துளைகளில் பாக்டீரியா, கடற்பஞ்சு, புழு எனப் பல உயிர்கள் குடியிருக்கின்றன. ஆக்சிஜன் கிடைக்கும் மேற்பரப்பில் ஒரு கூட்டம் மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. ஆக்சிஜன் எட்டாத உட்துளைகளில் இன்னொரு கூட்டம் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகிறது. உயிருள்ள கல்லையும் காற்றுக் குமிழையும் கொண்டே கடல்தொட்டியை நடத்த முடியும் என்று ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961இல் எழுதினார். அம்மோனியாவை மாற்றும் வேலையில் பாக்டீரியா மட்டும் ஈடுபடவில்லை என்பது 2005இல் தெரியவந்தது: சியாட்டில் மீன்காட்சியகத் தொட்டியின் சரளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட நைட்ரோசோபூமிலஸ் என்ற நுண்ணுயிர், ஆர்க்கியா என்ற வேறொரு குலத்தைச் சேர்ந்தது. அம்மோனியாவை உண்ணும் இந்த உயிர்கள் மெதுவாகத்தான் பெருகும். ஈ.கோலை வசதியான சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிக்கிறது. இவற்றுக்குப் பல மணி நேரம், பெரும்பாலும் ஒரு நாளாவது வேண்டும். கடல்தொட்டியின் பி.எச். 8.2ஐ ஒட்டியே இருக்கும். பி.எச். ஒரு புள்ளி ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழ 10 மடங்காகிறது என்பதால், நன்னீரில் மீன் தாங்கும் அளவு இங்கே கொன்றுவிடக்கூடும்.

இவ்வளவு இருந்தும், ஒரே நாளில் கல் முழுவதையும் எடுத்து ஒரு மீன்கூடச் சாகாத தொட்டிகள் உண்டே என்று கேட்கலாம். உண்டுதான். நல்ல நுண்ணுயிர்கள் மணல், கண்ணாடி, குழாய் எல்லாவற்றிலும் படிந்திருக்கின்றன; பவளத்துக்குள் வாழும் பாசியும் அம்மோனியத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மீன் குறைவான பழைய தொட்டி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். இந்த உண்மையே என் வாதத்துக்கும் வலு சேர்க்கிறது. மீன் கழிவு சேர்ந்து அம்மோனியா ஏறக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். கல்லை எடுத்த அன்று மாலையே மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் திணறினால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். வருடக்கணக்காக ஒரே இடத்தில் கிடந்த கல்லுக்கு அடியில் தீனித்துகளும் கழிவும் சேறாகப் படிந்திருக்கும். அதன் கீழே மணல் கறுத்து, கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அது ஹைட்ரஜன் சல்பைடு, மீன்களுக்குக் கடும் நஞ்சு. கலங்கிய சேறு நீரிலிருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

ஆகவே வேலையின் பெரும்பகுதி சேற்றை அடக்குவதுதான். முதலில் பம்ப், ஹீட்டர் எல்லாவற்றின் மின்இணைப்பையும் பிடுங்கிவிட வேண்டும்; சூடான ஹீட்டர் நீருக்கு மேலே வந்தால் கண்ணாடி வெடிக்கும். மேல்கல்லிலிருந்து தொடங்கி, எது எதைத் தாங்குகிறது என்று பார்த்துத் தூக்க வேண்டும். ஒருவர் கல்லை மெல்ல உயர்த்தும்போதே மற்றொருவர் அதன் அடியில் சைஃபன் குழாயைப் பிடித்து, எழும் கலங்கலை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். பிளாஸ்டிக் பெட்டியைத் தொட்டிக்குள் முக்கி, நீருக்குள்ளேயே கல்லை அதில் ஏற்றினால் கடற்பஞ்சில் காற்றுப் படாது. காற்றுப் பட்ட பஞ்சு அழுகினால் அதுவே புதிய அம்மோனியா. எளிதில் கண்ணில் படாத இன்னொரு ஆபத்தும் உண்டு. கல் அடைத்திருந்த இடத்தை நீர் நிரப்புவதால், சம்ப் என்ற கீழ்த்தொட்டி வைத்த அமைப்பில் அந்தச் சம்பின் மட்டம் இறங்கும். ஆவியாகும் நீரை ஈடுகட்டும் தானியங்கிக் கருவி இதையும் ஆவியானதாகக் கணக்கிட்டு நன்னீரை ஊற்றிக்கொண்டே இருக்கும், உப்புத்தன்மை சரியும். அந்தக் கருவியை முதலிலேயே அணைத்துவிட்டு, குறையும் அளவுக்கு அதே உப்பும் வெப்பமும் உள்ள கடல்நீரைச் சேர்க்க வேண்டும்.

இத்தனை தொல்லைக்கு ஒரேயடியாக எடுத்துவிடலாமே, நாலு முறை கலக்குவதைவிட ஒரு முறை கலக்குவது நல்லதல்லவா என்பது அடுத்த கேள்வி. வீடு மாறுபவர்களுக்கு அதுவே சரி: மீனும் கல்லும் புதிய நீருக்குப் போகின்றன, பழைய மணல் பின்தங்கிவிடுகிறது. தொட்டி அதே இடத்தில் ஓடிக்கொண்டிருந்தால் கணக்கு மாறும். நான்கில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், இரண்டு வாரம் விட்டு அடுத்ததை எடுத்தால், ஒவ்வொரு முறையும் கலங்குவது கொஞ்சம்தான். மீதிக் கல்லும் வேலையை ஏற்றுக்கொள்ள அவகாசம் கிடைக்கும். முதல் வாரம் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் தினமும் சோதிக்க வேண்டும், தீனியைக் குறைக்க வேண்டும்.

பூச்சியைக் கொல்லக் கல்லை வேகவைப்பதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. சோவாந்திட் என்ற பொத்தான் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் இருக்கிறது. ஹவாய்க் கடலின் பாலித்தோவா என்ற சோவாந்திடிலிருந்து 1971இல் பிரித்தெடுக்கப்பட்டு விவரிக்கப்பட்ட இது, இயற்கையில் அறியப்பட்ட மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. கொதிநீரோ சூடான நீர்ப்பீய்ச்சோ பட்டால் அது ஆவியோடு காற்றில் கலந்து, வீட்டிலிருப்பவர்களை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அந்தக் கல்லைத் தேய்ப்பதும் ஆபத்து; கையில் சிறு கீறல் இருந்தாலே போதும், நஞ்சு உள்ளே போய்விடும்.

எடுத்த கல்லைக் கடலில் போடுவதும் தவறு. 1984இல் மொனாக்கோ கரையோரம் சிறு திட்டாகக் காணப்பட்ட கௌலெர்பா என்ற மீன்தொட்டிப் பாசி, பின்னர் மத்தியதரைக் கடலின் அடித்தளத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பரவியது. கடினப் பவளங்கள் 2001 முதல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், எடுத்ததற்கு ஈடாக மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்து வருவதும் குற்றம். நல்ல கல்லை இன்னொரு தொட்டிக்காரருக்குக் கொடுக்கலாம். பூச்சி பிடித்ததை, வெட்டவெளியில் வைத்து ப்ளீச் கலந்த நீரில் ஊறவிட்டு, பலமுறை அலசி வெயிலில் நன்றாகக் காய விட வேண்டும். ப்ளீச்சோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். அப்படிக் காய்ந்த கல்லில் மீண்டும் நுண்ணுயிர்கள் குடியேறப் பல வாரங்கள் ஆகும். அதுவரை அதை வடிகட்டியாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.