டாக்டரிடம் டோக்கன் கிடைக்கவில்லையா?



“டாக்டரைப் பார்க்க நேரமே அமையவில்லை” என்று நமது அலுவலகத்துக்கு வரும் பலர் சொல்கிறார்கள். விடிந்ததும் போன் செய்தால்தான் டோக்கன். கிடைத்தாலும் மஃரிப் நேரத்தில் கிடைக்கிறது. கடையிலிருந்து ஆண்கள் திரும்புவதற்குள் டாக்டர் கிளம்பிவிடுகிறார். பெண்களுக்குத் துணைக்கு ஆள் இல்லை. கடைசியில் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாத்திரை வாங்குவதே பழக்கமாகிவிடுகிறது. சர்க்கரை நோயோ வலி காட்டாமலே கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆகவே சில வழிகளைச் சொல்கிறோம்.

ஒரு முறை பார்த்துவிட்டு வெளியே வரும்போதே அடுத்த தேதியைக் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். தொழுகை, வேலை நேரத்தையும் அப்போதே சொல்லுங்கள். போக முடியாவிட்டால் முன்கூட்டியே தெரிவியுங்கள். அந்த இடம் இன்னொரு நோயாளிக்குப் பயன்படும்.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் மாலையிலும் டாக்டர் பார்க்கிறார். உங்கள் பகுதியில் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பதிந்தவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை வீடு தேடி வந்தாலும் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

மத்திய அரசின் இ-சஞ்சீவனி மூலம் செல்போனிலேயே டாக்டரிடம் இலவசமாகப் பேசலாம்; மருந்துச் சீட்டும் போனுக்கே வரும். தொட்டுப் பார்க்க வேண்டிய நோய்க்கு இது போதாது. சந்தேகம் கேட்க 104 எண் உள்ளது.

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், திடீரென முகம் கோணுதல், கை கால் விளங்காமல் போதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுக்கு டோக்கன் தேடக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள்.

முக்கியமாக ஒன்று. இன்சுலின், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் ரமலானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்றபடி மருந்தின் அளவும் நேரமும் மாற வேண்டியிருக்கும். பிறை பார்க்கும் வாரத்தில் ஓடினால் டோக்கன் கிடைக்காது. ரஜபிலேயே பதிந்துவிடுங்கள். நோன்பு ஆபத்து என்று டாக்டர் சொன்னால் ஆலிம்களிடம் கலந்து, நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

துணைக்கு ஆள் இல்லாத பெண்களும் முதியவர்களும் அலுவலகத்தில் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், நம்மால் இயன்ற ஏற்பாட்டைச் செய்வோம். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.