புது பேட்டரி வாங்கும் முன் கசிவைத் தேடுங்கள்

உழவு மும்முரமாக நடக்கும் நாளில் டிராக்டர் செல்ஃப் எடுக்காமல் 'டக்' என்று மட்டும் சத்தம் போட்டால், அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பேட்டரி போயிடுச்சு, புதுசு போட்டுடுங்க." விவசாயியும் கடன் வாங்கியாவது போடுகிறார். சில மாதத்தில் அதுவும் இறங்கிவிடுகிறது. பேட்டரியைத்தான் மாற்றினார்களே தவிர, கோளாறு வண்டியிலேயே இருக்கிறது.

பழைய டிராக்டரில் பேட்டரி இறங்க மூன்று காரணங்கள் உண்டு. பேட்டரியே ஆயுள் முடிந்திருக்கலாம். இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏறாமல் இருக்கலாம். வண்டி நின்றபிறகு எங்கோ கரண்ட் கசிந்துகொண்டிருக்கலாம். எது என்று பார்க்காமல் செலவு செய்யக் கூடாது. முழுதாகச் சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் சும்மா வைத்த 12 வோல்ட் பேட்டரி, மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இன்ஜினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தால் 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் தளர்ந்த ஃபேன் பெல்ட், தேய்ந்த பிரஷ், கெட்டுப்போன ரெகுலேட்டர் ஆகியவற்றைப் பாருங்கள். 15-ஐத் தாண்டினாலும் ஆபத்துதான். தண்ணீர் கொதித்து வற்றி, நல்ல பேட்டரியும் சீக்கிரம் சாகும்.

இந்த இரண்டும் சரியாக இருந்தும் காலையில் இறங்கிக் கிடந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். சின்னக் கசிவுதானே என்று விடக் கூடாது. 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் எரிந்தால் சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். ஒரு நாளில் 10 ஆம்பியர் அவர் போய்விடும். 75 ஆம்பியர் அவர் பேட்டரி நான்கே நாளில் பாதிக்கு வந்துவிடும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. சாவியையும் எல்லா சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லேம்பைக் கோக்க வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத பழைய டிராக்டரில் அது எரியவே கூடாது. எரிந்தால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எந்த ஃப்யூஸை எடுத்ததும் விளக்கு அணைகிறதோ அந்த வழியில்தான் கசிவு. பிரேக் லைட் சுவிட்ச், டிரெய்லர் பிளக், பின்னால் சேர்த்த பாட்டுப்பெட்டி, எல்இடி விளக்குகள், எலி கடித்த ஒயர் ஆகியவற்றில் முதலில் தேடுங்கள். ஃப்யூஸ் எல்லாம் எடுத்தும் எரிந்தால் ஆல்டர்னேட்டரில் டயோடு பழுதாகியிருக்கலாம். டைனமோ உள்ள மிகப் பழைய வண்டியில் கட்-அவுட் முனைகள் ஒட்டிக்கொண்டு, நிறுத்திய பிறகும் பேட்டரி டைனமோ வழியே இறங்கும். இந்தச் சோதனை நடக்கும்போது செல்ஃப் போடவே கூடாது. பேட்டரியின் தலையில் படிந்த ஈர அழுக்கும் இரண்டு முனைகளுக்கும் நடுவே கரண்டைக் கசியவிடும். மூடிகளை இறுக்கிவிட்டுச் சோடா உப்பு கரைத்த நீரால் துடையுங்கள்.

பட்டறைகளில் இன்னும் ஒரு பழக்கம் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போதே பேட்டரி முனையைக் கழற்றி, வண்டி அணைந்தால் ஆல்டர்னேட்டர் கெட்டது என்று தீர்ப்புச் சொல்வார்கள். பழைய டீசல் டிராக்டரில் இதற்கு அர்த்தமே கிடையாது. ஓட ஆரம்பித்த இன்ஜினுக்குக் கரண்ட் தேவையில்லை, அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். மாறாக, திடீரென எகிறும் வோல்டேஜில் நல்ல ஆல்டர்னேட்டரின் டயோடுகள் கருகிப்போகலாம். உங்கள் வண்டியில் இப்படிச் செய்ய விடாதீர்கள்.

இதைவிடப் பயங்கரமானது, செல்ஃப் எடுக்காத வண்டியில் கீழே நின்றபடி ஸ்க்ரூடிரைவரால் ஸ்டார்ட்டர் முனைகளைத் தொட்டு ஸ்டார்ட் செய்வது. கியரில் இருந்தால் வண்டி அந்தக் கணமே நகர்ந்து, முன்னால் நிற்பவர் மேல் பின்சக்கரம் ஏறும். உயிர் போகும் வேலை இது. அவசரம் என்று யார் சொன்னாலும் வேண்டாம். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு ஒரு பொறியிலேயே வெடிக்கும். அதனால் காற்றோட்டமான இடத்தில் ஏற்றுங்கள், பீடி சிகரெட் அருகில் வரக் கூடாது. மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றி வையுங்கள். எர்த் ஒயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். போன ஃப்யூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றினால் ஒயரே எரியும். ஆசிட் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புது பேட்டரி வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். ரசீது தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். ரசீதில் பேட்டரியின் வரிசை எண்ணும், வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் இருக்கட்டும். எத்தனை மாதம் இலவசமாக மாற்றுவார்கள், அதன்பின் எவ்வளவு கழிவு தருவார்கள் என்பதையும் அப்போதே கேளுங்கள். இரண்டும் வேறு வேறு. வண்டியின் சார்ஜிங் கோளாறைக் காட்டி வாரண்டியை மறுப்பது வழக்கம். மேலே சொன்ன வோல்ட் அளவுகளை முதல் நாளே கடைக்காரரை எழுதித் தரச் சொன்னால் அந்தப் பேச்சுக்கு இடமிருக்காது. பிறகும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையிலோ வாய்க்காலிலோ போடக் கூடாது. 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதைத் தனியே சேகரிப்பவரிடம் ஒப்படைக்கச் சொல்கின்றன. எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்தால் அதன் விலை ரசீதில் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

விவசாயி நுகர்வோர் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விதை தொடர்பான வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் விவசாயியும் நுகர்வோரே என்று தீர்ப்பளித்தது. பிழைப்புக்காகச் சொந்த உழைப்பில் பயன்படுத்த வாங்கும் பொருளுக்குச் சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லையென்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கோளாறைக் கண்டுபிடிக்காமலே காசு வாங்கிய எலக்ட்ரீஷியன் மேலும் சேவைக் குறைபாடு என்று புகார் தரலாம்.

அடுத்த முறை பட்டறைக்குப் போனால், "பேட்டரி மாத்தணும்" என்றவுடன் பணத்தை எடுக்காதீர்கள். கசிவு எங்கே என்று விளக்கைக் கோத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.