வழியே கிடைக்காதபோது வாடகை எப்படி வந்தது?

டாக்ஸி செயலியில் ஏறுமிடம், இறங்குமிடம் இரண்டையும் குறித்ததும் வாடகை வந்து நிற்கிறது. அந்தத் தூரத்தைப் பெரும்பாலான செயலிகள் தாமாக அளப்பதில்லை. கூகுள் மேப்ஸ் போன்ற வழிகாட்டிச் சேவையிடம் கேட்டு வாங்குகின்றன. வரும் பதிலில் தூரம், நேரத்தோடு 'ஸ்டேட்டஸ்' என்றொரு குறியீடும் இருக்கும். கேட்டது கிடைத்ததா, கிடைக்காவிட்டால் கோளாறு யார் பக்கம் என்று சொல்வது அதுதான். அதைப் படிக்காமல் தூரத்தை மட்டும் உருவிக்கொள்ளும் செயலியால் பயணிக்கும் நஷ்டம், ஓட்டுநருக்கும் நஷ்டம்.

கூகுளின் டைரக்‌ஷன்ஸ் சேவையை எடுத்துக்கொள்வோம். 2025 மார்ச்சில் இது 'பழைய சேவை' ஆகிவிட்டது. ரூட்ஸ் என்ற புதியதற்கு மாறச் சொல்கிறார்கள். ஆனாலும் பழையதை நம்பி எழுதிய செயலிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. வழி கிடைக்காதபோதும் எச்டிடிபி அளவில் 200, அதாவது வெற்றி என்றே வரும். தபால் வந்து சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். உள்ளே இருப்பது நல்ல செய்தியா என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஸ்டேட்டஸில் 'நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் கொடுத்த இடங்களில் ஏதோ ஒன்றை வரைபடத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. 'ஜீரோ ரிசல்ட்ஸ்' வேறு: இடங்கள் கிடைத்தன, நடுவே வழிதான் இல்லை. முதலாவதற்கு முகவரியைத் திருத்தச் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு முகவரியை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை. வழி இல்லை என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். பொறுப்பில்லாத செயலிகள் இங்கேதான் கைவரிசை காட்டுகின்றன. பாதை வராததால் தூரம் பூஜ்யம் என்று வைத்துக் குறைந்தபட்ச வாடகையைக் காட்டும். அல்லது இரண்டு புள்ளிகளுக்கும் நேர்கோடு போட்டு அதையே தூரமாக்கிவிடும். கொள்ளிடத்தின் இரு கரையிலும் எதிரெதிரே இருக்கும் ஊர்களை நினைத்துப் பாருங்கள். ஆற்றின் குறுக்கே அளந்தால் கூப்பிடு தூரம், பாலத்தைச் சுற்றிப் போனால் பல மடங்கு. இறங்கும்போது உண்மைத் தூரத்துக்கான பில் வரும். செயலியின் தப்புக்குப் பயணியும் ஓட்டுநரும் நடுரோட்டில் சண்டை போடுவார்கள்.

'ஓவர் குவெரி லிமிட்' வந்தால் அளவுக்கு மேல் கேட்டுவிட்டோம் என்று பொருள். உடனே திரும்பத் திரும்பத் தட்டுவது நிலைமையை மோசமாக்கும். இடைவெளியைக் கூட்டிக் கூட்டிக் கேட்க வேண்டும். அதுவும் எல்லா போன்களும் ஒரே நொடியில் கேட்காதபடி கொஞ்சம் கலைத்துவிட வேண்டும். 'அன்நோன் எரர்' சர்வர் பக்கக் கோளாறு, மறுபடி கேட்டால் கிடைக்கக்கூடும். 'ரிக்வெஸ்ட் டினைட்' அப்படியல்ல, சேவைக்கே அனுமதி மறுப்பு. ஆயிரம் முறை கேட்டாலும் அதே பதில்தான். கணக்கையும், சேவையைப் பயன்படுத்தத் தரப்படும் ஏபிஐ சாவியையும் சரிபார்க்க வேண்டியது டாக்ஸி நிறுவனம். சாவியைப் பூட்டி வைக்காமல் செயலிக்குள் திறந்து போட்டால், எவரோ எடுத்துப் பயன்படுத்த, பில் நிறுவனத்துக்கு வரும். சிறு நிறுவனங்கள் சாவிக்குக் கட்டுப்பாடும் தினசரி உச்சவரம்பும் வைத்துக்கொள்வது நல்லது.

என்னைக் கேட்டால், 'ஓகே' என்று வரும் பதில்தான் எல்லாவற்றையும்விட ஆபத்து. தெருப் பெயர் பிடிபடாதபோது, ஊர்ப் பெயரை மட்டும் வைத்து ஊர் நடுவே புள்ளி குத்திவிட்டு, சேவை 'ஓகே' சொல்லக்கூடும். 'பார்ஷியல் மேட்ச்' என்ற குறிப்பு கூடவே வரும். அதை யார் பார்க்கிறார்கள்? போதாததற்கு அடையாறில் ஒரு காந்தி நகர், வேலூரில் ஒரு காந்தி நகர். பயணியிடம் வரைபடத்தைக் காட்டி 'இந்த இடம்தானா?' என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது.

மேலும், 'ஓகே' என்பது வரைபடத்தில் வழி இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று, சாலைக்கு அல்ல. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்ட பாலத்திலிருந்து ராம்கங்கா ஆற்றில் கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அவர்கள் வரைபடச் செயலியைப் பார்த்து வந்ததாகச் செய்திகள் கூறின. பாலத்தை முறையாக அடைத்து வைக்காததற்காகப் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீதும் வழக்குப் பதிவானது. இரவில் தெரியாத பாதையில் போகும்போது அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மேல்.

வாடகையில் ஏமாந்தவர் கூகுளைத் தேடிப் போக வேண்டாம். உங்களிடம் பணம் வாங்கியது டாக்ஸி நிறுவனம், பொறுப்பும் அதனுடையது. முன்கூட்டிக் காட்டிய தொகை, பில், பயண எண் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நிறுவனத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு அனுப்புங்கள். 'மதிப்பீட்டுத் தூரம் எந்தப் பாதைக்குக் கணக்கிடப்பட்டது?' என்று எழுத்தில் கேளுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு ஆண்டுகள்.