அடுப்புப் புகையும் சீ.டி. ஸ்கேனும்

"நான் சிகரெட்டைக் கண்ணாலும் பார்த்ததில்லை. எனக்கேன் டொக்டர் இந்த வருத்தம்?" என்று கேட்கும் உம்மாமார் முப்பது, நாற்பது வருடங்கள் விறகடுப்பை ஊதியவர்களாக இருப்பார்கள். ஓயாத இருமல், படியேறினால் இளைப்பு. எக்ஸ்ரே எடுத்தால் சில வேளைகளில் ஒன்றும் தெரியாது. நெஞ்சின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்த நிழல்தானே எக்ஸ்ரே!

சீ.டி. ஸ்கேன் அப்படியல்ல. பாணைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பது போல, நுரையீரலை ஒரு மில்லிமீற்றர் தடிப்பிலும் காட்டும். ஒவ்வொரு மூச்சுக்குழாயோடும் ஓர் இரத்தக்குழாய் சேர்ந்தே ஓடுகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே பருமன். மூச்சுக்குழாய் மட்டும் அகன்றிருந்தால், அந்த வெட்டுமுகம் கல் பதித்த மோதிரம் போலத் தெரியும். இது மூச்சுக்குழாய் விரிவு நோயின் அடையாளம். இதை ஆஸ்துமா என்றெண்ணிப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தால் மட்டும் போதாது. தேங்கும் சளியைத் தினமும் வெளியேற்றும் பயிற்சி வேண்டும்.

இரண்டு மில்லிமீற்றருக்கும் குறைந்த குழாய்கள் ஸ்கேனிலும் நேரடியாகத் தெரிவதில்லை. அதற்கும் ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். மூச்சை முழுதாக வெளியே விடச் சொல்லி இன்னொரு படம் எடுப்பார்கள். காற்று வெளியேறிய பகுதி வெளுக்கும். அடைபட்ட பகுதி கறுப்பாகவே நிற்கும்.

மெக்சிக்கோப் பெண்களிடம் செய்யப்பட்டு 2014இல் வெளியான ஓர் ஆய்வு இவ்வாறுதான் ஒப்பிட்டுப் பார்த்தது. சிகரெட் பிடித்தவர்களுக்கு நுரையீரலின் காற்றறைகளே கூடுதலாக அழிந்திருந்தன. விறகுப் புகை சுவாசித்தவர்களுக்கோ காற்று அடைபடுவதே மேலோங்கியிருந்தது. ஆக, குசினிப் புகை பெரிதும் தாக்குவது சிறு மூச்சுக்குழாய்களை.

இதற்காக ஒவ்வோர் இருமலுக்கும் ஸ்கேன் கேட்க வேண்டியதில்லை. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையே முதலில். சாதாரண நெஞ்சு ஸ்கேனின் கதிர்வீச்சு ஓர் எக்ஸ்ரேயைப் போல் பல பத்து மடங்கு. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எத்தனை வருடம் விறகில் சமைத்தீர்கள் என்பதையும் கேட்காமலே வைத்தியரிடம் சொல்லுங்கள். ஸ்கேனுக்குப் போகும்போது மாலை, முக்காட்டு ஊசி ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். மூச்சை விட்டு அடக்குவதை வீட்டிலேயே இரண்டொரு தடவை பழகிக்கொண்டால், படம் கலங்காமல் வரும்.